கப்பல் போன பிறகு

கதை எழுதுகிறவனுக்குக் காதல் தெரிந்தால் போதும், கடன் தெரிய வேண்டியதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. காதலில் ஏமாந்தவர்களை விடக் கடனில் ஏமாந்தவர்களே உலகத்தில் அதிகம். அவர்களுடைய சரித்திரத்தை எழுதத்தான் ஆள் கிடைப்பதில்லை. அதிலும் உள்ளூர்க் கடனாளி என்றால் ஒரு வழி உண்டு. அவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கொள்ளலாம்; நாலு பேர் காதில் விழும்படி பேசலாம். கடலுக்கு அப்பால் இருக்கிற கடனாளியை என்ன செய்வது? சரக்குக் கப்பலேறிப் போய் விட்டது. வாங்கினவன் வேற்று நாட்டான். அவனுடைய திண்ணை எங்கே இருக்கிறது என்பதே நமக்குத் தெரியாது. அவன் ஊர்க் கோர்ட்டில் வழக்குப் போடலாம் என்றால், வக்கீல் பீஸுக்கே இன்னொரு கப்பல் சரக்கு அனுப்ப வேண்டியிருக்கும்!

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-ல் ஓட ஆரம்பித்தது. அதில் ஜன்னலோரமாகப் பிரயாணம் செய்தவர்கள் இந்தக் கேள்வியைத் தங்களை அறியாமலே முகர்ந்து கொண்டு போயிருக்கிறார்கள். மீனம்பாக்கம் தாண்டிப் பல்லாவரத்தை வண்டி நெருங்கினதும் கைக்குட்டைகள் மூக்குக்குப் போகும். தோல் பதனிடும் தொட்டிகளின் வாடை அது. அடுத்த ஸ்டேஷனுக்குப் பெயரே குரோம்பேட்டை. அங்கே ஒரு முனிவரோ மன்னரோ வாழ்ந்ததால் வந்த பெயர் அல்ல. குரோமியம் என்ற உலோகத்தின் உப்பைக் கொண்டு தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர். அதற்கும் அடுத்தது தாம்பரம் சானடோரியம். டாக்டர் சௌரி முத்து 1928-ல் நிறுவிய க்ஷயரோக ஆஸ்பத்திரியால் அந்தப் பெயர். அந்த வட்டாரத்தில்தான் 1984-ல் ஏற்றுமதிக்கென்றே ஒரு வளாகத்தைச் சர்க்கார் வேலி போட்டு அமைத்தது. ஆகவே, இந்த மூன்று ஸ்டேஷன்களைச் சுற்றி வாழ்ந்தவர்களில் எத்தனையோ குடும்பங்களின் சோறு, கண்ணால் காணாத யாரோ ஒரு வெளிநாட்டான் பணம் அனுப்புவதைப் பொறுத்தே வெந்தது. அவன் அனுப்பாத போது என்ன நடந்தது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

கேள்வி புதியதல்ல. ஆஸ்திரியாவின் தலைநகரமான வியன்னாவில், தேசிய நூல் நிலையத்தில், எகிப்திலிருந்து கிடைத்த பாப்பிரஸ் துண்டு ஒன்று இருக்கிறது. கி. பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிரேக்க மொழியில் எழுதியது. 1985-ல் அதை அறிஞர்கள் படித்து வெளியிட்ட போது, சேர நாட்டு முசிறித் துறைமுகத்தின் பெயர் அதில் இருந்தது. முசிறி வியாபாரத்துக்காக ஒருவர் கடன் வாங்கியிருக்கிறார். அதற்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தின் பகுதி அது. பின் பக்கத்தில் ஹெர்மபோலன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு: கங்கைப் பிரதேசத்து வாசனைத் தைலப் பொருள், யானைத் தந்தம், இன்னும் பல. நாலில் ஒரு பங்கு சுங்கம் போக மீதியின் மதிப்பே ஏறக்குறைய 70 லட்சம் ரோமானிய நாணயம்.

நம்முடைய கதைக்கு முக்கியமானது தந்தமல்ல, ஷரத்து. செங்கடற் கரையிலிருந்து பாலைவனம் வழியாகச் சரக்கு நைல் நதிக்கு வர வேண்டும். அங்கே கிடங்கில் வைக்க வேண்டும். கிடங்கின் மேல் கடன் கொடுத்தவனுடைய முத்திரை இருக்க வேண்டும். பிறகு படகில் அலெக்ஸாண்டிரியா போக வேண்டும். அங்கேயும் கிடங்கு, அங்கேயும் அவனுடைய முத்திரை. தவணை தவறினால் அவன் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. சரக்கை எடுத்து விற்றுக் கொள்ளலாம். எழுதியவன் மனிதர்களை நன்றாக அறிந்தவன். கடன் வாங்குகிறவன் யோக்கியனா அல்லவா என்ற ஆராய்ச்சியில் அவன் இறங்கவே இல்லை. பணம் வருகிற வரையில் கிடங்குச் சாவி யார் கையில் இருக்கிறது என்பது ஒன்றுதான் அவனுக்குக் கேள்வி. அதற்குப் பிறகு ஆயிரத்தெண்ணூறு வருஷத்து வியாபாரிகளும் பாங்குகளும் கண்டுபிடித்த தந்திரங்களை யெல்லாம் புரட்டிப் பார்த்தால், அந்தச் சாவியைத்தான் கை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இனி பல்லாவரத்துக்கு வருவோம்.

நூறு வருஷத்துக்கு முன்னால் பல்லாவரத்தில் தோல் ஷாப்பு வைத்திருந்த ராவுத்தர் ஒருவரைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். மாட்டுத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊற வைத்து, மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வாரக் கணக்கில் போட்டு, கடுக்காய் கொடுத்து, எண்ணெய் தடவி உலர்த்தி எடுக்கிறார். இந்தத் தோலுக்கு லண்டனில் தனி மதிப்பு உண்டு. ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்று அதற்குப் பெயர். ஆனால் ராவுத்தர் அதை லண்டன்காரனுக்கு விற்கிறாரா? இல்லை. சென்னையில் உள்ள ஏற்றுமதிக் கம்பெனியிடம் ஒப்படைக்கிறார். கம்பெனி மதிப்புப் போட்டு, பெரும் பகுதியை முன்பணமாகக் கொடுக்கிறது. தோல் கட்டுகள் கப்பலேறி, சூயஸ் கால்வாய் தாண்டி லண்டன் கிடங்குக்குப் போகின்றன. அங்கே ஏலம். ஏலத்தில் விழுந்த விலையிலிருந்து கப்பல் கூலி, கிடங்கு வாடகை, இன்ஷூரன்ஸ், தரகு, கமிஷன், முன்பணத்துக்கு வட்டி எல்லாவற்றையும் கழித்து, மிச்சம் இருந்தால் ராவுத்தருக்கு. மிச்சம் இல்லாமல் பற்று வந்து விட்டால்? ராவுத்தர் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்!

இந்த ஏற்பாட்டில் லண்டன்காரன் பணம் தராமல் ஏமாற்றினான் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏலம் எடுத்தவன் பணம் கட்டித்தான் தோலை எடுத்துக் கொண்டு போவான். எல்லாம் கண்ணியமாக நடந்தது. ஆனால் விலை இறங்கினால் வரும் நஷ்டம் மட்டும் பல ஆயிரம் மைல் பிரயாணம் செய்து, வேறெங்கும் இறங்காமல், நேராகப் பல்லாவரத்துக்கு வந்து சேர்ந்தது. முதல் உலக யுத்தத்தில் பட்டாளத்துப் பூட்ஸுக்காகச் சர்க்காரே தோலை வாங்கிக் குவித்த போது சென்னை ராஜதானியில் தோல் ஷாப்புகள் பெருகின. யுத்தம் முடிந்து 1920-ல் உலகச் சந்தை சரிந்த போது அந்தச் சரிவும் இதே வழியில் வந்தது.

பெரிய கம்பெனிகளாவது பத்திரமாக இருந்தனவா? 1906 அக்டோபர் 22-ஆம் தேதி சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானது. ராஜதானியில் அதற்கு மிஞ்சிய பெயர் இல்லை. விதவைகளும் பென்ஷன்காரர்களும் கூட அதில் பணம் போட்டிருந்தார்கள். அதன் லண்டன் கூட்டாளி மக்ஃபாதியன் அங்கே சூதாட்டம் போன்ற வியாபாரங்களில் இறங்கிப் பணத்தை இழந்தார். சில தினங்களுக்கு முன்புதான் லண்டனில் ரயில் முன் விழுந்து உயிரை விட்டார். சென்னையில் இருந்த ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. கடல் கடந்த கடனாளி எப்போதும் அந்நியனாக இருக்க வேண்டும் என்பதில்லை. நம் கணக்குப் புத்தகத்திலேயே கையெழுத்துப் போடும் கூட்டாளியாகவும் இருக்கலாம். அந்த அதிர்ச்சியில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியவர்கள் முயன்று இந்தியன் பாங்கைத் தொடங்கினார்கள். 1907 ஆகஸ்டு 15-ஆம் தேதி அது வேலை ஆரம்பித்தது. அந்தத் தேதிக்குப் பிற்பாடு வேறொரு பெருமை வரப் போகிறது என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

ஆனால் வெளிநாட்டு உண்டியல் வியாபாரம் அதற்குப் பிறகும் நெடுநாள் வரை வெள்ளைக்கார ‘எக்ஸ்சேஞ்ச்’ பாங்குகளின் கையிலேயே இருந்தது. இங்கே அந்தச் சாவி விவகாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சரக்குக் கப்பலில் ஏறினதும் கப்பல் கம்பெனி ஒரு சீட்டுக் கொடுக்கும். அந்தச் சீட்டு யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத்தான் சரக்கு. அதாவது, சாவி காகிதமாக மாறி விட்டது. விற்கிறவன் சீட்டையும் உண்டியலையும் சேர்த்துத் தன் பாங்கிடம் கொடுப்பான். அக்கரையில் உள்ள பாங்கு வாங்குகிறவனை அழைத்து, ‘பணத்தைக் கட்டு, சீட்டை வாங்கிக் கொள்’ என்று சொல்லலாம். அல்லது, ‘இத்தனை நாளில் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போடு, சீட்டை வாங்கிக் கொள்’ என்றும் சொல்லலாம். முதலாவது ரொக்க மரியாதை. இரண்டாவது நம்பிக்கை மரியாதை. 1931-ல் அறிக்கை வெளியிட்ட மத்திய பாங்கு விசாரணைக் கமிட்டியின் முன்னால் இந்திய வியாபாரிகள் சொன்ன புகார்களில் முக்கியமானது இதுதான்: வெள்ளைக்காரக் கம்பெனிக்குக் கையெழுத்துப் போதும், இந்தியனானால் ரொக்கம் வேண்டும் என்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து எங்களைப் பற்றி விசாரித்தால் நல்ல வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

எம். சி. டி. எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கைத் தொடங்கியது இந்தச் சூழ்நிலையில்தான். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தார். வெளிநாட்டு வியாபாரமே அந்தப் பாங்கின் நோக்கம்; பெயரிலேயே அது இருக்கிறது. சாவியை வைத்துக் கொள்ளத் தமிழர் கை ஒன்று அகப்பட்டது என்று சொல்லலாம்.

நம்மவர்களுடைய புகாரைச் சொன்னேன். நியாயத்துக்கு அடுத்த கட்சியையும் சொல்ல வேண்டும். பணம் தராத வாங்குவோர் என்றால் எப்போதும் வெளிநாட்டான்தானா? 1920-ல் நடந்ததைக் கேளுங்கள்.

அந்த வருஷம் பிப்ரவரியில் ரூபாயின் மதிப்பு 2 ஷில்லிங் 10 பென்ஸ் வரை ஏறியது. அதாவது ஒரு பவுனுக்கு 7 ரூபாய் கொடுத்தால் போதும். இந்திய ஜவுளி வியாபாரிகள் குதூகலமாக மான்செஸ்டர் துணிக்கு ஆர்டர் மேல் ஆர்டர் அனுப்பினார்கள். ரூபாயின் மதிப்பை 2 ஷில்லிங்குக்குக் குறையாமல் காப்பாற்றுவதாகச் சர்க்கார் கங்கணம் கட்டியிருந்தது. செப்டம்பரில் கங்கணத்தை அவிழ்த்து வைத்து விட்டது. மறு வருஷ ஆரம்பத்தில் ரூபாய் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு வந்து விட்டது. இப்போது ஒரு பவுனுக்கு 16 ரூபாய்! துணிக் கட்டுகள் துறைமுகத்தில் வந்து இறங்கின. 7 ரூபாய்க் கணக்கில் வாங்கிய துணிக்கு 16 ரூபாய்க் கணக்கில் பணம் கட்டினால் கடையை மூட வேண்டியதுதான். டில்லி, கல்கத்தா, பம்பாய், கராச்சி வியாபாரிகள் சங்கம் கூட்டித் தீர்மானம் போட்டார்கள்: சர்க்கார் சொன்ன 2 ஷில்லிங் கணக்கில் வாங்கிக் கொள்வதானால் கொடுக்கிறோம், இல்லாவிட்டால் சரக்கை எடுக்க மாட்டோம். மான்செஸ்டர் முதலாளி தலையில் கை வைத்துக் கொண்டார். ஒப்பந்தத்தின் புனிதத்தைப் பற்றி நீண்ட உபதேசங்கள் கப்பலேறி வந்தன. துணி மட்டும் கிடங்கில் கிடந்தது.

இவர்களை மோசக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாணயத்தின் விலையை நிர்ணயித்தவர்கள் லண்டனிலும் சிம்லாவிலும் இருந்தார்கள். பழியைச் சுமந்தவர்கள் சாந்தினி சௌக்கில் இருந்தார்கள். ஆனால் லங்காஷயரில் தறி ஓட்டிய ஒரு பெண்ணிடம் போய் இதைச் சொன்னால் அவள் ஒப்புக் கொள்வாளா? அவளுக்குத் தெரிந்தது, இந்தியாக்காரன் துணியை வாங்கிக் கொள்ள மாட்டேன் என்கிறான் என்பது ஒன்றுதான்.

உலகத்துப் பாங்குகள் இப்படிப்பட்ட தொல்லைகளைப் பார்த்துப் பார்த்து, ‘லெட்டர் ஆப் கிரெடிட்’ என்ற ஏற்பாட்டுக்குப் பொது விதிகள் செய்தன. வாங்குகிறவனுடைய பாங்கே, ‘இன்ன இன்ன காகிதங்களைக் கொண்டு வந்து கொடு, நான் பணம் தருகிறேன்’ என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பதுதான் இந்த ஏற்பாடு. அதற்கான முதல் பொது விதிகளை 1933-ல் சர்வதேச வர்த்தக சங்கம் ஏற்றுக் கொண்டது. கூட்டம் நடந்த ஊர் எது தெரியுமா? வியன்னா. முசிறிப் பாப்பிரஸ் இருக்கிற அதே வியன்னா! இதை வைத்து ஒரு நாவல் எழுதினால் வாசகர்கள், ‘இப்படி யெல்லாம் பொருந்தி வருமா?’ என்று கடிதம் எழுதுவார்கள்.

லெட்டர் ஆப் கிரெடிட் நல்ல பூட்டுத்தான். ஆனால் அதற்கு ஒரு சுபாவம் உண்டு. பாங்கு சரக்கைப் பார்க்காது, காகிதத்தைத்தான் பார்க்கும். மாட்டுத் தோல் என்று எழுத வேண்டிய இடத்தில் ஆட்டுத் தோல் என்று எழுதி விட்டால், மூட்டைக்குள் மாட்டுத் தோலே இருந்தாலும் பணம் கிடையாது. சரக்கு விலை இறங்கி விட்டது, எப்படியாவது தப்பித்துக் கொள்ள வேண்டும் என்று நினைக்கிற வாங்குவோன் முதலில் தேடுவது எழுத்துப் பிழையைத்தான். பத்திரிகை ஆசிரியர்கள் கூட அவ்வளவு சிரத்தையாகப் புரூப் பார்ப்பதில்லை.

சுதந்திரம் வந்த பிறகு அந்நியச் செலாவணிப் பஞ்சம் வந்தது. ஏற்றுமதி செய், ஏற்றுமதி செய் என்று சர்க்கார் எல்லோரையும் தூண்டியது. ‘பணம் வராவிட்டால்?’ என்று வியாபாரி கேட்டான். அதற்குப் பதிலாக 1957 ஜூலை 30-ஆம் தேதி பம்பாயில் ஏற்றுமதி அபாய இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் என்ற ஸ்தாபனத்தைச் சர்க்கார் ஆரம்பித்தது. பிரிட்டன் இந்தக் காரியத்தை 1919-லேயே தொடங்கி விட்டது. நம் ஸ்தாபனம் இரண்டு மூன்று முறை பெயர் மாறி, இன்று ஈ. ஸி. ஜி. ஸி. என்று வழங்குகிறது. வாங்கினவன் திவாலாகி விட்டாலும், தவணை கடந்து மாதக் கணக்கில் இழுத்தடித்தாலும், அவன் நாட்டில் யுத்தமோ புரட்சியோ வந்து பணம் வெளியேற முடியாமல் போனாலும், நஷ்டத்தில் பெரும் பகுதியை இந்த ஸ்தாபனம் கொடுக்கும். முழுவதையும் கொடுக்காது. பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ விற்றவனே தாங்க வேண்டும். முழுவதையும் கொடுத்தால் யாருக்கு விற்கிறோம் என்று அவன் விசாரிக்கவே மாட்டானே!

இதில் இன்னொரு விலக்கும் உண்டு. ‘சரக்கு மட்டம், அதனால் பணம் தர மாட்டேன்’ என்று வாங்கினவன் தகராறு கிளப்பினால் இன்ஷூரன்ஸ் கை விரித்து விடும். அவன் நாட்டுக் கோர்ட்டில் ஜயித்துத் தீர்ப்பு வாங்கிக் கொண்டு வா என்று சொல்லும். அனுபவம் உள்ளவர்களைக் கேட்டால், பணம் தராதவர்கள் சொல்லும் காரணங்களில் இதுதான் முதல் காரணம் என்பார்கள். சில சமயம் அது நிஜமான காரணமாகவும் இருந்து தொலைக்கிறது.

அப்படி ஒரு சம்பவம் நம் ஊர்ப் பெயரிலேயே நடந்தது. கண்ணூர்க்காரரான காப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் பிற்பாடு ‘லீலா’ ஹோட்டல்களைக் கட்டிப் பிரபலமானவர். அதற்கு முன் கைத்தறித் துணி வியாபாரம் செய்தார். 1958-ல் வில்லியம் ஜேக்கப்ஸன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் அவரிடம் ‘மதராஸ்’ கட்டம் போட்ட துணியை வாங்கி, நியூயார்க்கின் பிரபல உடுப்புக் கடையான புரூக்ஸ் பிரதர்ஸுக்குக் கொடுத்தார். குளிர்ந்த நீரில் பதமாகத் துவைக்க வேண்டிய துணி அது; சாயம் இளகிக் கொடுக்கும். நாயர் இதைச் சொன்னார். ஜேக்கப்ஸன் கடைக்காரரிடம் சொல்ல மறந்து விட்டார். அமெரிக்கச் சீமான்கள் வாங்கின கோட்டையும் சட்டையையும் இயந்திரத்தில் போட்டு அலசினார்கள். சிவப்பு பச்சையோடும் பச்சை மஞ்சளோடும் கலந்தது. வழக்குப் போடுவோம் என்று மிரட்டல் வந்தது. பிறகு, ‘சாயம் போகும் என்று உத்தரவாதம் அளிக்கிறோம்’ என்றே விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது நிறம் காட்டும் கைத்தறி அதிசயம் என்றார்கள். அமெரிக்க இளைஞர்கள் கடையை மொய்த்தார்கள். நாயர் பிற்காலத்தில் இந்தக் கதையை ரசித்துச் சொல்வது வழக்கம். சொல்லச் சொல்லக் கொஞ்சம் சாயம் ஏறியும் இருக்கலாம். ஆனால் அந்தத் துணிக்கு அமெரிக்காவில் அந்த விளம்பரப் பெயர் நிலைத்தது நிஜம்.

எல்லாத் தகராறும் இப்படி மங்களமாக முடிவதில்லை. சென்னையைச் சுற்றியும் வடக்கே சீராலைப் பக்கத்திலும் நெய்த ‘ரியல் மதராஸ் ஹாண்ட்கர்ச்சீப்’ என்ற துணி, தலைமுறை தலைமுறையாக நைஜீரியாவுக்குப் போயிற்று. நைஜர் நதிக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்களுக்கு அது வெறும் உடுப்பு அல்ல. பிறப்பிலும் இறப்பிலும் சடங்குகளிலும் அது வேண்டும். இதை விடப் பிரியமான வாடிக்கைக்காரர்கள் எங்கே கிடைப்பார்கள்? 1967 முதல் 1970 வரை அந்த நாட்டில் உள்நாட்டு யுத்தம். கழிமுகமே போர்க்களம். 1980-களில் எண்ணெய் விலை சரிந்து நைஜீரியாவின் செலாவணிக் கையிருப்பு வற்றிய போது, அங்குள்ள வியாபாரி தன் நாட்டு நாணயத்தில் பணம் கட்டி விட்டாலும் அதைப் பவுனாகவோ டாலராகவோ மாற்றி அனுப்ப வழியில்லை. வாங்கினவன் யோக்கியன், பணமும் வைத்திருக்கிறான், ஆனால் பணம் வராது! தேசங்களுக்கு விடுபட்ட பாக்கிக்குப் பதிலாக நைஜீரியா சர்க்கார் புரோநோட்டு எழுதிக் கொடுத்தது. புரோநோட்டை வைத்துக் கொண்டு லண்டன் வியாபாரி காத்திருக்கலாம். நெசவாளி தறியில் அடுத்த பாவை ஏற்ற வேண்டுமே, நூலுக்கு எங்கே போவான்?

அதே 1984-ஆம் வருஷத்தில்தான் தாம்பரத்தில் சென்னை ஏற்றுமதிப் பகுதி ஏற்பட்டது. 262 ஏக்கர். இறக்குமதிக்குச் சுங்கம் இல்லை. செய்கிற பொருள் வெளிநாட்டுக்குப் போக வேண்டும். 2003-ல் அது சிறப்புப் பொருளாதார மண்டலமாகப் பெயர் மாறியது. பெண்கள் ஏராளமாக வேலைக்கு வந்தார்கள். காலையில் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கிச் சாப்பாட்டுப் பையோடு வேகமாக நடந்து போகும் கூட்டத்தில் தையல் மெஷின்காரிகள் எத்தனையோ பேர்.

இந்தக் காலத்தில் சாவி மறுபடியும் இடம் மாறி விட்டது. மேல் நாட்டுப் பெரிய கடைகள் லெட்டர் ஆப் கிரெடிட் என்ற பேச்சையே விரும்புவதில்லை. ‘சரக்கை அனுப்பு, சீட்டையும் நேராக எங்களுக்கே அனுப்பு, 60 நாளிலோ 90 நாளிலோ பணம் வரும்’ என்கிறார்கள். சம்மதமில்லை என்றால் பங்களாதேஷிலும் வியட்நாமிலும் ஆள் இருக்கிறது. ஆக, அலெக்ஸாண்டிரியாக் கிடங்கின் மேல் இருந்த முத்திரையை நாமே பிய்த்துக் கொடுத்தது போல் ஆயிற்று. 2018 அக்டோபரில் அமெரிக்காவின் ஸியர்ஸ் கம்பெனி திவால் மனு கொடுத்தது. 2020 ஏப்ரலில் இங்கிலாந்தின் டெபென்ஹாம்ஸ் நிர்வாகிகள் கைக்குப் போயிற்று. மே மாதத்தில் அமெரிக்காவின் ஜே. ஸி. பென்னி. கடை திவாலானால் ஈடு எழுதி வாங்கிக் கடன் கொடுத்த பாங்குகள் முன் வரிசையில் உட்கார்ந்து விடும். வெறும் நம்பிக்கையில் துணி அனுப்பியவர்கள் பின் வரிசை. பந்தியில் பின் வரிசைக்கு எப்போது இலை போடுவார்கள், போட்டால் அதில் என்ன மிஞ்சும் என்பது நமக்குத் தெரியாததா?

நம் ஊர்ச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஏற்றுமதிப் பணம் குறித்த காலத்துக்குள் வந்து சேர வேண்டும் என்பது செலாவணிச் சட்டம். வராவிட்டால் வாங்கினவனை ரிசர்வ் பாங்கு ஒன்றும் செய்ய முடியாது. விற்றவனைத்தான் கூப்பிட்டு ஏன் வரவில்லை என்று கேட்கும். ஏற்றுமதிக்காகத் திருப்பிக் கொடுத்த சுங்க வரியையும் மறுபடி கட்டு என்று இன்னொரு இலாகா கேட்கும். திருட்டுக் கொடுத்தவன் வீட்டிலேயே போலீஸ் வந்து உட்கார்ந்து கொள்கிற மாதிரிதான். 2020-ல் நிலைமையை உத்தேசித்து, ஜூலை 31 வரை அனுப்பிய சரக்குக்கு 9 மாதத் தவணையை 15 மாதமாக நீட்டிக் கொடுத்தார்கள்.

அந்த 2020 மார்ச்சு 25-ஆம் தேதி தேசம் முழுவதும் ஊரடங்கு. மேல் நாட்டுக் கடைகளும் அடைத்துக் கிடந்தன. ஆர்டர் ரத்து என்றும், பணம் பிறகு என்றும், விலையில் தள்ளுபடி வேண்டும் என்றும் செய்திகள் வந்து விழுந்தன. முதலாளிகளில் இன்ஷூரன்ஸ் செய்திருந்தவர்கள் காகிதங்களைத் தேடி எடுத்தார்கள். அவர்களுக்குக் கடன் கொடுத்த பாங்குகளுக்கும் அதே ஸ்தாபனத்தில் தனி இன்ஷூரன்ஸ் உண்டு. தைத்துக் கொடுத்தவளுக்கு அப்படிப்பட்ட பாலிஸி எதுவும் ஏற்படவில்லை. மார்ச்சு 29-ஆம் தேதி, தொழிற்சாலை மூடியிருந்தாலும் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும் என்று மத்திய உள்துறை ஒரு உத்தரவு போட்டது. ஏற்றுமதிப் பணம் வராத முதலாளி எதிலிருந்து கொடுப்பது என்று அதில் எழுதியிருக்கவில்லை. சில முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். மே மாதம் 18-ஆம் தேதி முதல் உத்தரவு செல்லாது என்று சர்க்காரே வாபஸ் வாங்கிக் கொண்டது. அன்றைக்கும் தாம்பரம் மின்சார ரயில் பொது ஜனங்களுக்கு ஓடவில்லை.